விகிதமுறு சார்பைத் தொகையிடுகையில் கணக்கு எங்கே தடைபடுகிறது: அறிகுறியைக் கொண்டு முறையைத் தேர்ந்தெடுத்தல்

விகிதமுறு சார்பு ஒன்றின் (அதாவது ஒரு பல்லுறுப்புக் கோவையை மற்றொன்றால் வகுத்த பின்னத்தின்) தொகையைக் காணச் சொன்னால், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களும் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களும் பெரும்பாலும் கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் பகுதியைக் காரணிப்படுத்தி, 𝐴, 𝐵, 𝐶 என்று மாறிலிகளை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பகுதிப் பின்னமாகப் பிரிக்கும் முறை வலிமையானது. ஆனால் மற்ற வழிகள் இல்லை என்று உறுதிசெய்த பிறகே அதை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணக்கு எந்த இடத்தில், எந்த விதமாகத் தடைபடுகிறது என்பதை நின்று கவனித்தால், நாம் எந்தப் படியைத் தாண்டிப் போய்விட்டோம் என்பது தெரிந்துவிடும். ஆகவே இங்கே முறைகளை வரிசைப்படுத்தாமல், மாணவர் தம் தாளில் காணும் அறிகுறிகளை முன்வைத்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் தீர்வையும் எழுதியிருக்கிறேன்.

இதில் லாக் என்பது 𝑒-ஐ அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கையையும், டேன்⁻¹ என்பது நேர்மாறு டேன்ஜென்ட் சார்பையும், விடைகளின் இறுதியில் வரும் 𝐶 தொகையிடல் மாறிலியையும் குறிக்கும். தொடங்கும் முன் ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. மெய்யெண் கெழுக்களைக் கொண்ட எந்த விகிதமுறு சார்பின் தொகையிலும் மூன்று வகை உறுப்புகளே வர முடியும்: மற்றொரு விகிதமுறு சார்பு, மடக்கை, நேர்மாறு டேன்ஜென்ட். இவற்றைத் தவிர வேறு எதுவும், எடுத்துக்காட்டாக 𝑥 உள்ள ஒரு வர்க்கமூலமோ ஒரு சைன் சார்போ, இறுதி விடையில் நின்றுவிட்டால், பிரதியிட்ட மாறியைத் திரும்ப 𝑥-க்கு மாற்றும் வேலை முடியவில்லை, அல்லது வழியில் பிழை நேர்ந்துள்ளது என்று பொருள்.

மாறிலிகள் எல்லாம் கிடைத்துவிட்டன. ஆனால் விடையை வகையிட்டால் கொடுத்த சார்பு வரவில்லை

இந்த அறிகுறிக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது படிகளை. தொகுதியின் படி பகுதியின் படியைவிடக் குறைவாக இருந்தால்தான் அது தகு பின்னம். சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் அது தகா பின்னம், அதை நேரடியாகப் பகுதிப் பின்னங்களாகப் பிரிக்க முடியாது. பின்வரும் தொகையைப் பாருங்கள்.

∫ 𝑥² / (𝑥² − 3𝑥 + 2) 𝑑𝑥

பகுதி (𝑥 − 1)(𝑥 − 2) என்று காரணிப்படுவதால், 𝐴/(𝑥 − 1) + 𝐵/(𝑥 − 2) என்று எழுதிவிடும் ஆசை எழும். காரணியை மறைத்துவிட்டு அதன் மூலத்தைப் பிரதியிடும் குறுக்குவழியைப் பயன்படுத்தினால் (ஆலிவர் ஹெவிசைடின் பெயரால் வழங்கும் முறை இது) 𝐴 = −1 என்றும் 𝐵 = 4 என்றும் உடனே கிடைத்துவிடும். எந்த முரண்பாடும் தென்படாது. மாணவர் மனநிறைவோடு −லாக்|𝑥 − 1| + 4 லாக்|𝑥 − 2| என்று எழுதிவிடுவார். அந்த விடை தவறு.

குறுக்குவழி இந்தப் பிழையை மறைக்கிறது. கெழுக்களைச் சமப்படுத்தும் நீண்ட வழியோ அதை வெளிக்கொணர்ந்துவிடும். 𝑥² = 𝐴(𝑥 − 2) + 𝐵(𝑥 − 1) என்ற சமன்பாட்டின் இடப்பக்கத்தில் 𝑥²-இன் கெழு 1, வலப்பக்கத்தில் 0; ஆகவே இச்சமன்பாடு எல்லா 𝑥-க்கும் பொருந்தவே முடியாது. இரண்டு மதிப்புகளை மட்டும் பிரதியிட்டுப் பார்ப்பவருக்கு அந்த இரு இடங்களிலும் அது பொருந்துவதாகத் தோன்றும், அவ்வளவுதான். 𝑥 = 0 என்று மூன்றாவதாக ஒரு மதிப்பைக் கொடுத்தால் மூலப் பின்னம் 0 ஆகவும், பிரித்து எழுதிய வடிவம் 1 − 2 = −1 ஆகவும் வந்து பிழை வெளிப்பட்டுவிடும். மூலங்களைப் பிரதியிட்டு மாறிலிகளைக் கண்ட ஒவ்வொரு முறையும், மூலம் அல்லாத ஓர் எண்ணைக் கொண்டு இவ்வாறு சோதிப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அரை நிமிட வேலை, ஆனால் முழுக் கணக்கையும் காப்பாற்றும்.

தீர்வு, முதலில் நீள் வகுத்தல். ஈவு 1, மீதி 3𝑥 − 2. மீதியைப் பகுதிப் பின்னங்களாகப் பிரித்தால் அதே −1, அதே 4 வருகின்றன. விடுபட்டிருந்தது ஈவு மட்டுமே. எனவே சரியான விடை

𝑥 − லாக்|𝑥 − 1| + 4 லாக்|𝑥 − 2| + 𝐶.

வகுத்தலைச் சலிப்பான முன்வேலை என்று நினைப்பவர்களுக்கு ஓர் அழகான கணக்கைக் காட்ட விரும்புகிறேன். 0 முதல் 1 வரை 𝑥⁴(1 − 𝑥)⁴ / (1 + 𝑥²) என்ற சார்பைத் தொகையிட வேண்டும். தொகுதியின் படி 8, பகுதியின் படி 2. பகுதியில் காரணிப்படுத்த எதுவும் இல்லை, பிரதியிடவும் எதுவும் இல்லை; வகுத்தல் ஒன்றே வழி. வகுத்தால் ஈவு 𝑥⁶ − 4𝑥⁵ + 5𝑥⁴ − 4𝑥² + 4, மீதி −4. உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டு எல்லைகளை இட்டால்

1/7 − 2/3 + 1 − 4/3 + 4 − 𝜋 = 22/7 − 𝜋

என்று வருகிறது. தொகையிட்ட சார்பு அந்த இடைவெளிக்குள் எங்கும் எதிர்மறையாக இல்லை, இரு முனைகளைத் தவிர எங்கும் சுழியாகவும் இல்லை. ஆகவே தொகை மிகை எண். அதாவது பள்ளியில் 𝜋-க்குப் பதிலாக நாம் எழுதிவந்த 22/7, உண்மையான 𝜋-ஐவிடப் பெரியது என்பதற்கு ஒரே ஒரு நீள் வகுத்தல் நிறுவலாகிவிடுகிறது.

மாறிலிகள் ஐந்தாறு வந்துவிட்டன. வேலை பக்கம் பக்கமாக நீள்கிறது

முறை தவறல்ல, ஆனால் தேர்வு தவறு. இந்த அறிகுறி கண்டவுடன் பேனாவை வைத்துவிட்டு, இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: தொகுதி, பகுதியின் வகைக்கெழுவோ அதன் மடங்கோ ஆகுமா? (2𝑥 + 5)/(𝑥² + 5𝑥 + 6) என்ற சார்பைக் கண்டு (𝑥 + 2)(𝑥 + 3) என்று காரணிப்படுத்துபவர் சரியான விடைக்குத்தான் வந்துசேர்வார்; ஆனால் தொகுதி பகுதியின் வகைக்கெழுவாகவே இருப்பதைக் கண்டவர் லாக்|𝑥² + 5𝑥 + 6| + 𝐶 என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். 𝑥³/(𝑥⁴ + 1) என்ற சார்பில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. பகுதியைக் காரணிப்படுத்தப் புகுந்தால் √2 நிறைந்த இரண்டு இருபடிக் காரணிகளும் நான்கு மாறிலிகளும் காத்திருக்கின்றன. வகைக்கெழுவைக் கவனித்தால் விடை ¼ லாக்(𝑥⁴ + 1) + 𝐶.

இரண்டாம் கேள்வி: 𝑥-இன் ஏதேனும் ஓர் அடுக்கை 𝑢 என்று கொண்டால் சார்பு சிறுத்துவிடுமா? தொகுதியில் ஓர் உறுப்பு மட்டும் இருக்கையில் இதற்கு எளிய சோதனை உண்டு. தொகுதியிலுள்ள படியுடன் ஒன்றைக் கூட்டுங்கள். வரும் எண் பகுதியிலுள்ள எல்லாப் படிகளையும் மீதியின்றி வகுக்குமானால், அந்த அடுக்கே 𝑢. 𝑥/(𝑥⁴ + 1) என்பதில் 1 + 1 = 2, அது 4-ஐ வகுக்கிறது; 𝑢 = 𝑥² என்று பிரதியிட, விடை ½ டேன்⁻¹(𝑥²) + 𝐶. 𝑥²/(𝑥⁶ + 1) என்பதில் 3 என்ற எண் 6-ஐ வகுப்பதால் ⅓ டேன்⁻¹(𝑥³) + 𝐶. ஆனால் 𝑥²/(𝑥⁴ + 1) என்பதில் 3 என்ற எண் 4-ஐ வகுக்காது. அங்கே இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அச்சார்புக்கு வேறு வழி தேவை என்பதை ஒரு வரி கூட எழுதாமலேயே தெரிந்துகொண்டோம் அல்லவா?

சில சார்புகளில் இந்த அமைப்பு வெளிப்படையாகத் தெரியாது. அதை நாமே உருவாக்க வேண்டும்.

∫ 𝑑𝑥 / (𝑥(𝑥⁵ + 1))

இதை நேரடியாகப் பிரித்தால் 𝑥, 𝑥 + 1, இன்னும் √5 கலந்த இரண்டு இருபடிக் காரணிகள் என்று ஆறு மாறிலிகளைக் காண வேண்டியிருக்கும். தொகுதியையும் பகுதியையும் 𝑥⁴-ஆல் பெருக்கிவிட்டு 𝑢 = 𝑥⁵ என்று கொண்டால், அது 1/5 ∫ 𝑑𝑢/(𝑢(𝑢 + 1)) என்றாகி, விடை (1/5) லாக்|𝑥⁵/(𝑥⁵ + 1)| + 𝐶 என்று வந்துவிடும். இங்கும் பகுதிப் பின்னம் வருகிறது. ஆனால் ஆறு மாறிலிகளுக்குப் பதில் இரண்டு. பிரதியிடலும் பகுதிப் பின்னமும் ஒன்றையொன்று விலக்கும் முறைகள் அல்ல, முன்னது பின்னதன் சுமையைக் குறைக்கிறது என்பதை இந்தக் கணக்கைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

பகுதி ஒரு இருபடிக் கோவை. விடையில் மடக்கை வர வேண்டுமா, டேன்⁻¹ வர வேண்டுமா என்று தெரியவில்லை

இதை நினைவாற்றலால் தீர்க்க முயல்வதுதான் குழப்பத்தின் வேர். முடிவு செய்வது தன்மைகாட்டி (𝑎𝑥² + 𝑏𝑥 + 𝑐 என்ற கோவைக்கு 𝑏² − 4𝑎𝑐) ஒன்றே. மாறிலி உறுப்பு மட்டும் மாறும் மூன்று சார்புகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

∫ 𝑑𝑥/(𝑥² + 4𝑥 + 3) = ½ லாக்|(𝑥 + 1)/(𝑥 + 3)| + 𝐶

∫ 𝑑𝑥/(𝑥² + 4𝑥 + 4) = −1/(𝑥 + 2) + 𝐶

∫ 𝑑𝑥/(𝑥² + 4𝑥 + 5) = டேன்⁻¹(𝑥 + 2) + 𝐶

முதலாவதில் தன்மைகாட்டி மிகை, ஆகவே இரு வேறு மெய்க் காரணிகள். இரண்டாவதில் சுழி, ஆகவே முழு வர்க்கம். மூன்றாவதில் குறை, ஆகவே மெய்க் காரணிகள் இல்லை. பகுதியை (𝑥 + 2)² − 1, (𝑥 + 2)², (𝑥 + 2)² + 1 என்று முழு வர்க்கமாக்கி எழுதிவிட்டால் மூன்றும் ஒரே குடும்பம் என்பதும், குறியே முறையைத் தீர்மானிக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

இங்கே ஒரு நுட்பமான தவறான நோயறிதலும் உண்டு. 𝑥² − 2𝑥 − 1 போன்ற கோவை முழு எண்களில் காரணிப்படாததால், அதைக் காரணிப்படுத்த இயலாதது என்று எண்ணி டேன்⁻¹ பக்கம் போய்விடுபவர்கள் உண்டு. அதன் தன்மைகாட்டி 8, மிகை எண். மூலங்கள் 1 ± √2. அது (𝑥 − 1)² − 2 ஆகும், விடையில் மடக்கையே வரும். முழு எண்களில் காரணி இல்லாமை வேறு, மெய்யெண்களில் காரணி இல்லாமை வேறு.

தொகுதியில் 𝑥-உம் இருக்கையில் இரண்டு வகை உறுப்புகளும் சேர்ந்தே வரும். (3𝑥 + 1)/(𝑥² + 4𝑥 + 13) என்பதை எடுத்துக்கொள்வோம். பகுதியின் வகைக்கெழு 2𝑥 + 4; தொகுதியை அதன் மடங்கும் ஒரு மாறிலியுமாக 3𝑥 + 1 = (3/2)(2𝑥 + 4) − 5 என்று எழுத வேண்டும். முதல் துண்டு மடக்கையைத் தரும், இரண்டாவது டேன்⁻¹-ஐத் தரும்:

(3/2) லாக்(𝑥² + 4𝑥 + 13) − (5/3) டேன்⁻¹((𝑥 + 2)/3) + 𝐶

இரண்டாம் உறுப்பின் பகுதியிலுள்ள 3-ஐக் கவனியுங்கள். பகுதி (𝑥 + 2)² + 3² என்பதால், டேன்⁻¹-க்கு வெளியேயும் 1/3 வர வேண்டும், உள்ளேயும் 3-ஆல் வகுக்க வேண்டும். வகையிட்டுப் பார்க்கும்போது விடை ஒரு மாறிலிக் காரணியால் மட்டும் வேறுபட்டால், வெளியே வர வேண்டிய இந்த 1/3 விடுபட்டதே ஏறத்தாழ எப்போதும் காரணம்.

ஒரு காரணி இருமுறை வருகிறது. சோதனை எண்ணில் இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை

படிகள் சரியாக இருந்தும் முன்சொன்ன சோதனை தோற்றால், மீள்வரும் காரணிக்குரிய உறுப்பு ஒன்று விடுபட்டிருக்கிறது. (5𝑥² − 7𝑥 + 6)/((𝑥 + 1)(𝑥 − 2)²) என்பதை 𝐴/(𝑥 + 1) + 𝐷/(𝑥 − 2)² என்று மட்டும் எழுதினால், 𝐴 = 2, 𝐷 = 4 என்று சிக்கலின்றிக் கிடைக்கும். 𝑥 = 0 இட்டால் மூலப் பின்னம் 1.5; பிரித்து எழுதியது 2 + 1 = 3. இடைவெளியை நிரப்புவது நாம் எழுதாமல் விட்ட 𝐵/(𝑥 − 2). 𝑥²-இன் கெழுக்களைச் சமப்படுத்தினால் 𝐴 + 𝐵 = 5, ஆகவே 𝐵 = 3. விடை

2 லாக்|𝑥 + 1| + 3 லாக்|𝑥 − 2| − 4/(𝑥 − 2) + 𝐶.

கடைசி உறுப்பை லாக்(𝑥 − 2)² என்று எழுதுவது பரவலான பிழை. தொகுதியில் மாறிலியும் பகுதியில் ஓர் ஒருபடிக் காரணியின் வர்க்கமும் இருந்தால் மடக்கை வராது, அடுக்கு விதிதான் பொருந்தும்.

பகுதியில் ஒரே ஒரு காரணியின் உயர் அடுக்கு மட்டும் இருக்கும்போது பகுதிப் பின்னமே வேண்டாம். 𝑥²/(𝑥 − 1)⁵ என்பதில் 𝑢 = 𝑥 − 1 என்று கொண்டால் தொகுதி (𝑢 + 1)² ஆகிவிடும்; விரித்து வகுத்தால் 1/𝑢³ + 2/𝑢⁴ + 1/𝑢⁵ என்று மனத்தாலேயே முடிக்கலாம்.

பிரிக்க முயன்றால் அதே பின்னம் திரும்ப வந்து நிற்கிறது

1/(𝑥² + 1)² என்ற சார்பில் இதைக் காணலாம். விதிப்படி நான்கு மாறிலிகள் எழுதி, சமன்பாடுகளைத் தீர்த்தால், மூன்று சுழியாகி நான்காவது 1 ஆகும். தொடங்கிய இடத்திலேயே நிற்போம். பிழை எதுவும் நேரவில்லை. இந்தச் சார்பு ஏற்கெனவே பகுதிப் பின்னத்தின் இறுதி வடிவில் இருக்கிறது, அவ்வளவே. இனித் தேவை பிரித்தல் அல்ல, படியைக் குறைத்தல்.

𝑥 = டேன் 𝜃 என்று பிரதியிடுவது பாடத்தில் வரும் வழி. அதுவும் நல்லதே. ஆனால் கோணங்களுக்குள் போய்த் திரும்பாமலேயே இதை முடிக்கும் வழியை நான் விரும்புகிறேன். 𝑥/(𝑥² + 1) என்பதை வகையிட்டால் (1 − 𝑥²)/(𝑥² + 1)² கிடைக்கும். தொகுதியை 2 − (𝑥² + 1) என்று எழுதினால், அந்த வகைக்கெழு 2/(𝑥² + 1)² − 1/(𝑥² + 1) ஆகும். இரு பக்கமும் தொகையிட்டு மாற்றி எழுத,

∫ 𝑑𝑥/(𝑥² + 1)² = 𝑥/(2(𝑥² + 1)) + ½ டேன்⁻¹𝑥 + 𝐶.

அடுக்கு 3, 4 என்று உயர்ந்தாலும் இதே உத்தியை ஒவ்வொரு படியாகப் பயன்படுத்தி இறங்கலாம். பகுதி 𝑥² + 4𝑥 + 13 போன்றதன் வர்க்கமாக இருந்தால், முதலில் முழு வர்க்கமாக்கி, 𝑢 = (𝑥 + 2)/3 என்று மாற்றிக்கொண்டு இந்த வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்தச் சிறு உத்திக்குப் பின்னால் பெரிய கருத்து ஒன்று இருக்கிறது. 1845-இல் ரஷ்யக் கணிதவியலாளர் ஒஸ்த்ரோகிராட்ஸ்கியும் 1872-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எர்மித்தும், தொகையில் வரும் விகிதமுறு சார்பை, கொடுத்த பின்னத்தின் பகுதிக்கு மூலங்களைக் காணாமலேயே, வகையிடலையும் மீப்பெரு பொதுக் காரணியையும் மட்டும் கொண்டு பிரித்தெடுக்கலாம் என்று காட்டினார்கள். இன்று கணினி இயற்கணித மென்பொருள்கள் விகிதமுறு சார்புகளைக் கையாளும் விதத்துக்கு அந்தச் சிந்தனையே அடித்தளம்.

பகுதியைக் காரணிப்படுத்தவே முடியவில்லை

முதலில், தொகுதிக்கும் பகுதிக்கும் பொதுக் காரணி உண்டா என்று பார்க்க வேண்டும். (𝑥² − 1)/(𝑥³ − 1) என்பது (𝑥 + 1)/(𝑥² + 𝑥 + 1) என்று சுருங்கிவிடும் என்பதைக் காணாதவர் தேவையற்ற ஒரு மாறிலியைச் சுமப்பார். அடுத்து, முதல் கெழு 1 ஆகவும் மற்றவை முழு எண்களாகவும் உள்ள கோவையில் விகிதமுறு மூலம் இருக்குமானால் அது மாறிலி உறுப்பின் வகுஎண்ணாகவே இருக்கும். 𝑥³ − 7𝑥 − 6 என்பதற்கு ±1, ±2, ±3, ±6 ஆகியவற்றை முயன்றால் −1, −2, 3 என்று மூன்று மூலங்களும் சிக்கிவிடும்.

மூலமே இல்லை என்பதால் காரணியும் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. 𝑥⁴ + 4 எந்த மெய்யெண்ணுக்கும் சுழியாகாது. ஆனால் அது (𝑥² + 2𝑥 + 2)(𝑥² − 2𝑥 + 2) என்று பிரியும். 4𝑥²-ஐக் கூட்டிக் கழித்து, இரு வர்க்கங்களின் வித்தியாசமாக்கினால் இது வருகிறது. 𝑥⁴ + 1 என்பதும் அவ்வாறே, 2𝑥²-ஐக் கூட்டிக் கழிக்க, (𝑥² + √2𝑥 + 1)(𝑥² − √2𝑥 + 1) ஆகும். 1702-இல், பகுதிப் பின்னங்களால் தொகையிடும் முறையை எழுதிய லைப்னிட்ஸே, 𝑥⁴ + 𝑎⁴ மெய்க் காரணிகளாகப் பிரியாது என்றும், ஆகவே அதன் தலைகீழின் தொகையை மடக்கைகளாலும் வட்டத்தாலும் (அதாவது டேன்⁻¹-ஆலும்) பெற முடியாது என்றும் கருதினார். நுண்கணிதத்தைக் கண்டவர்களுள் ஒருவருக்கே தப்பிய காரணி இது. மாணவர் ஒருவருக்குத் தப்பினால் வியப்பதற்கில்லை, ஆனால் ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு மறக்கக் கூடாது. மெய்யெண் கெழுக்களை உடைய எந்தப் பல்லுறுப்புக் கோவையும் ஒருபடி, இருபடிக் காரணிகளாகப் பிரிந்தே தீரும் என்பது உறுதி.

காரணிகள் இருக்கின்றன என்ற உறுதி, அவற்றை எழுதிக்காட்ட முடியும் என்ற உறுதி ஆகாது. 𝑥⁵ − 𝑥 − 1 என்பதன் மூலங்களைக் கூட்டல், பெருக்கல், அடுக்குமூலம் ஆகியவற்றால் எழுத இயலாது. அதன் தலைகீழைத் தொகையிடச் சொன்னால், வரையறுத்த தொகையாக இருப்பின் சிம்ப்சன் விதி போன்ற எண்முறையை நாடுவதே முறை. அதே பகுதியின் மேல் 5𝑥⁴ − 1 இருந்தாலோ விடை லாக்|𝑥⁵ − 𝑥 − 1| + 𝐶. காரணிகள் தேவையே இல்லை. தேர்வுத் தாளில் மிகக் கொடூரமான பகுதி ஒன்றைக் கண்டால், முதலில் அதன் வகைக்கெழுவை ஓரத்தில் எழுதிப் பாருங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நம் விடையும் புத்தகத்தின் விடையும் வேறாக இருக்கின்றன

வேறாகத் தோன்றுவது பிழைக்குச் சான்று அல்ல. 1/(2𝑥 + 6) என்பதன் தொகையை ஒருவர் ½ லாக்|2𝑥 + 6| என்றும், மற்றொருவர் ½ லாக்|𝑥 + 3| என்றும் எழுதலாம். வேறுபாடு ½ லாக் 2 என்ற மாறிலி, அது 𝐶-க்குள் அடங்கிவிடும். டேன்⁻¹ வரும் இடங்களில் ஒற்றுமை இன்னும் ஒளிந்திருக்கும்: டேன்⁻¹((1 + 𝑥)/(1 − 𝑥)) என்பதும் டேன்⁻¹𝑥 என்பதும் ஒரே வகைக்கெழுவை உடையவை. சந்தேகம் தீர, இரு விடைகளின் வித்தியாசத்தை இரண்டு எண்களுக்குக் கணக்கிட வேண்டும். இரண்டும் சமமாக இல்லையெனில் ஒரு விடை தவறு என்று உடனே தெரியும். சமமாக இருந்தால் வகையிட்டு உறுதிசெய்துகொள்ளலாம். ஒரு நிபந்தனை: அவ்விரு எண்களும், இடையில் எந்த விடையும் வரையறுக்கப்படாத புள்ளி வராதவாறு, ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். மேற்சொன்ன இணையில் 𝑥 = 1-க்கு இடப்புறம் வித்தியாசம் 𝜋/4, வலப்புறம் −3𝜋/4.

மிகைச் சார்பைத் தொகையிட்டு, சுழியோ குறை எண்ணோ கிடைத்திருக்கிறது

இப்பிழைகளுள் மிகவும் ஆபத்தானது இதுவே, ஏனெனில் வகையிட்டுச் சோதித்தாலும் இது பிடிபடாது. எளிய வடிவம்: 0 முதல் 3 வரை 1/(𝑥 − 1)² என்பதைத் தொகையிட, −1/(𝑥 − 1) என்பதில் எல்லைகளை இட்டால் −½ − 1 = −3/2 வருகிறது. எங்கும் மிகையாக உள்ள சார்புக்குக் குறைத் தொகை இருக்க முடியாது. பகுதி 𝑥 = 1-இல் சுழியாகிறது; அந்தத் தொகை விரிகிறது, அதற்கு மதிப்பே இல்லை. எல்லைகளை இடும் முன் பகுதியின் சுழிகள் இடைவெளிக்குள் விழுகின்றனவா என்று பார்ப்பதே தீர்வு.

பகுதி எங்கும் சுழியாகாத போதும் இந்த அறிகுறி தோன்றலாம் என்பதுதான் பலரும் அறியாதது. (𝑥² + 1)/(𝑥⁴ + 1) என்பதற்குப் பரவலாகக் கற்பிக்கப்படும் அழகான வழி ஒன்று உண்டு: மேலும் கீழும் 𝑥²-ஆல் வகுத்து, 𝑢 = 𝑥 − 1/𝑥 என்று கொள்வது. அப்போது தொகுதி 𝑑𝑢-வாகவும் பகுதி 𝑢² + 2 ஆகவும் மாறி, விடை

(1/√2) டேன்⁻¹((𝑥² − 1)/(√2𝑥)) + 𝐶

என்று வரும். இதை வகையிட்டால் கொடுத்த சார்பு பிசகின்றிக் கிடைக்கும். ஆனால் −1 முதல் 1 வரை எல்லைகளை இட்டால் இரு முனைகளிலும் 0, தொகையும் 0. சார்போ அந்த இடைவெளி முழுதும் 1-க்குக் குறையாமல் இருக்கிறது. காரணம், 𝑥²-ஆல் வகுத்தபோது 𝑥 = 0 என்ற புள்ளியை நாம் இழந்துவிட்டோம்; அங்கே இந்த விடை 𝜋/(2√2)-இலிருந்து −𝜋/(2√2)-க்குத் துள்ளி விழுகிறது. முக்கோணவியல் சார்புகளை விகிதமுறு சார்பாக்க டேன்(𝑥/2)-ஐப் பிரதியிடும்போதும் இதே கோளாறு நேரும்: 1/(5 + 4 காஸ் 𝑥) என்பதை 0 முதல் 2𝜋 வரை அவ்வாறு தொகையிட்டு எல்லைகளை நேரடியாக இட்டால் 0 வரும், உண்மையான மதிப்பு 2𝜋/3.

தீர்வு இரண்டு. துள்ளும் புள்ளியில் இடைவெளியைப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எல்லை மதிப்பை எடுத்துக் கூட்டலாம். மேலுள்ள கணக்கில் ஒவ்வொரு துண்டும் 𝜋/(2√2) தரும். அல்லது 𝑥⁴ + 1-ஐ அதன் இரண்டு இருபடிக் காரணிகளாகப் பிரித்து, குறுக்குவழியைத் தவிர்த்துப் பகுதிப் பின்னங்களாலேயே தொகையிடலாம்:

(1/√2) [டேன்⁻¹(√2𝑥 + 1) + டேன்⁻¹(√2𝑥 − 1)] + 𝐶

இந்த விடை எல்லா மெய்யெண்களிலும் தொடர்ச்சியானது. 𝑥 = 1-இல் அடைப்புக்குள் 3𝜋/8 + 𝜋/8 = 𝜋/2, 𝑥 = −1-இல் −𝜋/2; தொகை 𝜋/√2, ஏறத்தாழ 2.22.